கிண்ணியாத் தொடுவாயின் ஓட்டத்தைக் கணினியில் கட்டுதல்: புதிதாக வருவோருக்கு

திருகோணமலைக் கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஏறத்தாழ அரை மீற்றர். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஒரு சாண் அளவுதான். இந்தச் சின்ன அசைவுக்கு மாதிரியுரு கட்டுவது இலேசு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. மூன்று நான்கு மீற்றர் ஏறி இறங்கும் கடலில் 10 சென்ரிமீற்றர் பிழை கண்ணில் படாமல் போய்விடும். இங்கே அதே 10 சென்ரிமீற்றர், அளக்க வந்த பொருளின் கால்வாசி.

இந்தக் கட்டுரை தம்பலகாமக் குடாவையும் அதைக் கடலோடு இணைக்கும் கிண்ணியாத் தொடுவாயையும் உதாரணமாக வைத்துப் போகிறது. மகாவலி விழும் கொட்டியாரக் குடா அதற்கு வெளியே இருக்கிறது. ஆறும் கடலும் கலக்கும் இப்படியான இடத்தை எங்கள் பள்ளிக்கூடப் புவியியல் பொங்குமுகம் என்கிறது, தமிழ்நாட்டில் கழிமுகம் என்பார்கள். நிரலாக்கம் ஓரளவு தெரிந்து, கடல் இயக்கவியலுக்குப் புதிதாக வருபவரை மனதில் வைத்து எழுதியது இது.

கணினியைத் திறக்க முன் கையால் ஒரு கணக்கு

தம்பலகாமக் குடாவின் பரப்பை 20 சதுர கிலோமீற்றர் என்று வையுங்கள். கணக்கு ஓடுவதற்கான இலக்கம்தான் இது. செய்மதிப் படத்தில் நீங்களே அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 0.4 மீற்றர் ஏறினால் உள்ளே போகும் தண்ணீர் 80 இலட்சம் கன மீற்றர். ஏறுவதற்குப் பிடிக்கும் நேரம் 6 மணித்தியாலம் 13 நிமிடம், அதாவது சுமார் 22,350 செக்கன். ஒன்றை மற்றதால் வகுத்தால் சராசரியாகச் செக்கனுக்கு 358 கன மீற்றர். ஓட்டம் சைன் வளைவாகக் கூடிக் குறைவதால் உச்சம் சராசரியைப் போல 1.57 மடங்கு, அதாவது சுமார் 560. தொடுவாயின் அகலம் 300 மீற்றர், சராசரி ஆழம் 5 மீற்றர் என்றால் வெட்டுமுகம் 1,500 சதுர மீற்றர். உச்ச வேகம் செக்கனுக்கு 0.37 மீற்றர்.

இந்த ஒரு எண்ணைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். பிறகு மாதிரியுரு 1.5 என்று சொன்னாலும் 0.05 என்று சொன்னாலும் எங்கோ பிழை என்று உடனே தெரியும்.

இதே கணக்கைக் கொட்டியாரக் குடாவின் வாய்க்குப் போட்டுப் பாருங்கள். பரப்பு 150 சதுர கிலோமீற்றர், வாய் 10 கிலோமீற்றர் அகலம், சராசரி ஆழம் 100 மீற்றர் என்று வைத்தால் உச்ச வேகம் செக்கனுக்கு அரைச் சென்ரிமீற்றர் கூட வராது. திருகோணமலையின் கடலடிப் பள்ளத்தாக்கு குடாவுக்குள்ளேயே தொடங்கி, வெளியே போகப் போக ஆயிரம் மீற்றரைத் தாண்டி இறங்குகிறது. அவ்வளவு பெரிய வாயால் தண்ணீர் நுழைவது தெரியவே தெரியாது. ஆகவே குடாவின் நடுவில் மிதவை போட்டு அது நகர்ந்தால், அதை நகர்த்தியது பெரும்பாலும் காற்று, அல்லது ஆற்று நீர், அல்லது வங்காள விரிகுடாவின் கரையோர நீரோட்டம். வற்றுப்பெருக்கு ஓட்டம் வேண்டுமானால் ஒடுங்கிய இடத்துக்குத்தான் போகவேண்டும். கிண்ணியாவைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

கைக்கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 0.37 வேகத்தில் தண்ணீரைத் தொடுவாயால் தள்ள எவ்வளவு நீர்மட்ட வித்தியாசம் வேண்டும்? தொடுவாய் 1.5 கிலோமீற்றர் நீளம், அடித்தளத்தின் சொரசொரப்பைக் குறிக்கும் மானிங் உராய்வு எண் 0.025 என்றால் உராய்வுக்கு 1.5 சென்ரிமீற்றர், வாயால் வெளியேறும்போது இழப்பது இன்னும் 0.7. மொத்தம் 2 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். வெளியே வீச்சம் (ஏற்ற இறக்கத்தின் பாதி) 20 சென்ரிமீற்றர் இருக்கும்போது 2 சென்ரிமீற்றர் என்பது பத்தில் ஒன்று. ஆகவே உள்ளே ஏற்றம் கிட்டத்தட்ட வெளியே உள்ள அளவுக்கே வரும், ஆனால் சுமார் 12 நிமிடம் பிந்தி வரும். கடலில் பெருக்கு நின்ற பிறகும் அந்த 12 நிமிடம் தண்ணீர் உள்ளுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கிண்ணியாவில் வலை போடும் யாரிடமாவது, "காக்கா, வெளியில பெருக்கு நின்ட பிறகு எவ்வளவு நேரம் உள்ளுக்கு ஓடும்?" என்று கேட்டுப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் சரிபார்ப்பு அது.

இதிலிருந்து வரும் முடிவை இப்போதே சொல்லிவிடலாம். உராய்வு இவ்வளவு குறைவாக இருக்கும் தொடுவாயில், உள்ளே போகும் தண்ணீரின் அளவைக் குடாவின் பரப்பு தீர்மானிக்கிறது. வேகத்தைத் தொடுவாயின் வெட்டுமுகம் தீர்மானிக்கிறது. மானிங் எண்ணைத் திருகித் திருகி வேகத்தைச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் வாரக்கணக்கில் வீணாக்குவது இது தெரியாததால்தான்.

பருவத்தைத் தெரிவு செய்தல்

முதல் மாதிரியுருவுக்குத் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் காலத்தை எடுங்கள், மே முதல் செப்டெம்பர் வரை. மழை குறைவு, ஆற்று நீரும் குறைவு. ஆழம் முழுவதையும் ஒரே படையாக எடுக்கும் இருபரிமாண மாதிரியுரு அப்போது போதும். வாடைக் காலத்தில், குறிப்பாக நவம்பர் முதல் ஜனவரி வரை, மகாவலியும் கந்தளாய்ப் பக்க வடிகால்களும் நன்னீரைக் கொட்டும்போது உவர்நீரின் மேல் நன்னீர் படையாக மிதக்கும். அதைக் கலக்கிவிடும் பலம் இந்தச் சின்ன வற்றுப்பெருக்குக்குக் கிடையாது. மேலே வெளியே ஓட்டம், அடியில் உள்ளே ஓட்டம் என்று இரண்டு திசையும் ஒரே நேரத்தில் இருக்கும். இருபரிமாண மாதிரியுரு இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து "ஓட்டமே இல்லை" என்று சொல்லிவிடும். அந்தக் காலத்துக்கு 8 அல்லது 10 படைகளுடன் முப்பரிமாணம் வேண்டும். அது இரண்டாவது வேலை.

மென்பொருள் எதுவென்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். டெல்ஃப்ட் 3டி, டெலிமாக், ஸ்கிசம் மூன்றும் திறந்த மூலம். மூன்றும் இந்த வேலைக்குப் போதும். பக்கத்தில் யாருக்கு எது தெரியுமோ அதையே எடுங்கள். கேட்டுப் படிக்க ஓர் ஆள் இருப்பது மென்பொருளின் தரத்தைவிடப் பெரிது.

ஆழம்: வேலையின் பாதி இதுதான்

வெளிக்கடலுக்குக் கெப்கோ என்ற உலகக் கடலாழத் தரவு போதும். 15 விகலை இடைவெளி, இங்கே சுமார் 460 மீற்றருக்கு ஒரு புள்ளி. ஆனால் 300 மீற்றர் தொடுவாய்க்கு ஒரே ஒரு புள்ளி விழுந்தால் விழும், இல்லாவிட்டால் கெப்கோவின் கணக்கில் கிண்ணியாவும் தம்பலகாமமும் ஒரே தரை. அதை அப்படியே எடுத்து ஓட்டிவிட்டு "உள்ளே தண்ணீர் ஏறவில்லை" என்று தலையைச் சொறிவது புதியவர்களின் வழக்கமான முதல் வாரம்.

துறைமுகத்தையும் குடாவையும் காட்டும் கடற்படங்கள் உண்டு. அவற்றை இலக்கமாக்கும்போது மூன்று பொறிகள்.

முதலாவது அலகு. பழைய படங்களில் ஆழம் பாகத்தில் இருக்கும். ஒரு பாகம் 1.8288 மீற்றர். படத்தின் தலைப்பில் எழுதியிருப்பதைப் படிக்காமல் புள்ளி வைக்கத் தொடங்காதீர்கள்.

இரண்டாவது பூச்சிய மட்டம். கடற்படத்து ஆழம் மிகத் தாழ்ந்த வற்றிலிருந்து அளந்தது. மாதிரியுருவுக்குத் தேவை சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படத்திலோ வற்றுப்பெருக்கு அட்டவணையிலோ பார்த்து எல்லாப் புள்ளிகளிலும் கூட்டவேண்டும். ஆழத்தில் இது பெரிய விசயமல்ல. தம்பலகாமக் குடாவின் 1 மீற்றர் மேடுகளில் இது எல்லாமே.

மூன்றாவது இடம். இலங்கையின் பழைய வரைபடங்கள் கண்டாவளை ஆதாரத்தில் அமைந்தவை (ஆதாரம் என்பது ஆள்கூறுகளை அளப்பதற்கான அடிப்படைச் சட்டகம்). ஜீ.பீ.எஸ். தருவது டபிள்யூ.ஜீ.எஸ். 84. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் சுமார் 200 மீற்றர் விலகும். தொடுவாயின் வாய்க்கால் அப்படியே கரையில் ஏறி உட்கார்ந்துவிடும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இரண்டு ஆதாரமும் இருக்கின்றன, மாற்றம் சில நிமிட வேலை. எல்லாவற்றையும் மீற்றரில் ஆள்கூறு தரும் யூ.டி.எம். முறையின் வலயம் 44 வடக்குக்குக் கொண்டுவாருங்கள். அதன் நடு நெடுங்கோடு 81 பாகை, திருகோணமலை கிட்டத்தட்ட அதன் மேலேயே இருப்பதால் திசைக்கோணல் பற்றிய கவலை இல்லை.

தொடுவாய்க்கு மட்டும் புதிதாக அளக்கவேண்டும், வேறு வழியில்லை. ஒரு ஃபைபர் போட், மீனவர்கள் வைத்திருக்கும் சாதாரண மீன்காட்டிக் கருவி, ஒரு ஜீ.பீ.எஸ். போதும். ஓட்டத்துக்குக் குறுக்காக 50 மீற்றருக்கு ஒரு கோடாகப் போங்கள், பாலத்தின் இரு பக்கமும் நெருக்கமாக. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், 2009இல் திறந்தது. அதன் தூண்களைச் சுற்றி அரிப்புக் குழிகள் இருக்கும். அவற்றைச் சராசரி ஆழம் என்று எடுத்துவிடாதீர்கள்.

மீன்காட்டி பொய் சொல்லும் விதங்களும் தெரிந்திருக்கவேண்டும். பல கருவிகள் ஒலியின் வேகத்தைச் செக்கனுக்கு 1,500 மீற்றர் என்று எடுக்கும். எங்கள் சூடான உவர்நீரில் அது 1,540 அளவு. அதனால் காட்டும் ஆழம் நூற்றுக்கு இரண்டு மூன்று குறைவு. உணரி நீருக்குள் 30 சென்ரிமீற்றர் அமிழ்ந்திருந்தால் அந்த 30ஐக் கூட்டவேண்டும். அதை மறந்தவருக்கு 5 மீற்றர் ஆழத்தில் 6 வீதப் பிழை வேகத்தில் வந்து நிற்கும். ஒரு தகரத் தட்டைக் கயிற்றில் கட்டி 2 மீற்றர், 4 மீற்றர் ஆழத்தில் உணரிக்குக் கீழே தொங்கவிட்டுக் கருவி என்ன சொல்கிறது என்று காலையிலும் மாலையிலும் பாருங்கள். அளக்கும் நேரம் முழுவதும் கரையில் ஒருவர் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை நீர்மட்டக் கம்பை வாசித்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் காலையில் அளந்த கோட்டுக்கும் மதியம் அளந்த கோட்டுக்கும் இடையே இல்லாத ஒரு படிக்கட்டு முளைத்திருக்கும்.

ஒன்றை விட்டுவிடக்கூடாது. இந்தப் பகுதியில் கடற்படைத் தளமும் துறைமுக எல்லையும் சீனக்குடா விமானத் தளமும் இருக்கின்றன. எழுத்தில் அனுமதி இல்லாமல் கருவியோடு போட்டில் ஏறாதீர்கள். விண்ணப்பத்துக்கான நேரத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

வலையும் கண்ணளவும்

கடலைக் கணக்குக்காகச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் என்பதை வலை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன மீனுக்குச் சின்னக் கண், பெரிய மீனுக்குப் பெரிய கண். தொடுவாயின் குறுக்கே குறைந்தது 10 கண் விழவேண்டும், அதாவது 300 மீற்றருக்கு 30 மீற்றர் கண். 3 கண்தான் விழுந்தால் நடுவில் வேகமும் கரையில் மெதுவும் என்ற வேறுபாடே வராது. கரை உராய்வும் மிகையாகும். குடாவுக்குள் 80 முதல் 100 மீற்றர், கொட்டியாரக் குடாவில் 300, வெளி எல்லையில் 1 கிலோமீற்றர். ஒரு கண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் 1.2ஐத் தாண்டவேண்டாம்.

வெளி எல்லையை ஃபௌல் முனையை விட்டுக் குறைந்தது 30 கிலோமீற்றர் வெளியே தள்ளுங்கள். குடாவின் வாயிலேயே எல்லையை வெட்டினால் பள்ளத்தாக்கின் செங்குத்தான சுவர் எல்லையில் விழும், அங்கே சுழல் பிறந்து உள்ளே வரும். எல்லையை ஒட்டிய ஐந்தாறு கண்களில் ஆழத்தை எல்லைக்குச் செங்குத்தாக ஒரே அளவாக்கி மழுப்பிவிடுவது நல்லது.

காலப் படி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரம், பற்றிச் சுருக்கமாக. அலையின் வேகம், ஆழத்தை 9.81ஆல் பெருக்கிய தொகையின் வர்க்கமூலம். தொடுவாயில் 8 மீற்றர் ஆழமான இடத்தில் செக்கனுக்கு 9 மீற்றர், 500 மீற்றர் பள்ளத்தில் 70, ஆயிரத்தில் 99. வெளிப்படை முறையில், அதாவது முந்தைய படியிலிருந்து அடுத்ததை நேரே கணக்கிட்டு, தீர்க்கும் மென்பொருளில் ஒரு படிக்குள் அலை ஒரு கண்ணைத் தாண்டக்கூடாது. 30 மீற்றர் தொடுவாய்க் கண் 3 செக்கனைத் தாங்கும். ஆனால் பள்ளத்தாக்கின் மேல் 100 மீற்றர் கண்ணை வைத்துவிட்டால் 1.4 செக்கன்தான். யாருக்கும் தேவையில்லாத இடத்தில் நுண்ணிய கண் போட்டு முழு ஓட்டத்தையும் நொண்ட வைப்பது இப்படித்தான். உள்ளுறை முறையில், அதாவது எல்லாக் கண்களையும் ஒன்றாகச் சேர்த்து, தீர்க்கும் மென்பொருளில் 15 செக்கனில் தொடங்குங்கள். பின்னால் வரும் 34 நாள் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 1,96,000 படி. பிறகு அதைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். தொடுவாய் வேகம் நூற்றுக்கு ஒன்றுக்குமேல் மாறாவிட்டால் 15 போதும்.

எல்லையில் கடலை ஏற்றி இறக்குதல்

வெளி எல்லையில் நீர்மட்டத்தை மட்டும் கொடுங்கள், வேகத்தைக் கொடுக்காதீர்கள். டி.பி.எக்ஸ்.ஓ., எஃப்.ஈ.எஸ். ஆகிய உலக வற்றுப்பெருக்குத் தரவுகள் ஆய்வுக்கு இலவசம், பதிவு மட்டும் செய்யவேண்டும். அவற்றிலிருந்து எம்2, எஸ்2, என்2, கே2, கே1, ஓ1, பி1, கியூ1 என்ற எட்டுக் கூறுகளின் (சேர்ந்து வற்றுப்பெருக்கை ஆக்கும் தனித்தனி அலைகளின்) வீச்சத்தையும், உச்சம் எப்போது வரும் என்பதைப் பாகையில் சொல்லும் அவத்தையையும் எடுங்கள். இங்கே ராஜா எம்2, 12.42 மணித்தியாலம். அடுத்தவை எஸ்2வும் கே1உம். எம்4 போன்ற ஆழமற்ற நீரில் பிறக்கும் கூறுகளை வெளியிலிருந்து கொடுக்கவேண்டாம், அவற்றை மாதிரியுருவே உள்ளே உண்டாக்கும்.

சந்திரனின் பாதை 18.6 ஆண்டில் ஒரு சுற்று வருவதால் கூறுகளின் வீச்சம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எம்2 நூற்றுக்கு நாலுக்குள், கே1 பதினொன்று சொச்சம், ஓ1 பத்தொன்பதுக்குக் கிட்ட. ஆண்டைச் சரியாகக் கொடுத்தால் மென்பொருள் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்தத் தெரிவு போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நேரம்தான் எல்லாரையும் விழுத்தும் குழி. உலகத் தரவின் அவத்தை கிறீன்விச் நேரத்தில். எங்கள் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். எம்2 மணித்தியாலத்துக்கு 29 பாகை நகரும், அரை மணித்தியாலப் பிழை 14.5 பாகை. தொடுவாயின் முழுத் தாமதமே 12 நிமிடம் என்று மேலே கணக்கிட்டதை நினையுங்கள். அதோடு பழைய பதிவுகளைக் கையாள்பவர்களுக்கு ஒன்று: 1996 மே 25இல் இலங்கை நேரம் கிறீன்விச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது, அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் ஆறாக்கப்பட்டது, 2006 ஏப்ரல் 15இல்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டுக் குறிப்பேடுகளில் "காலை 6 மணி" என்று எழுதியிருப்பதை இன்றைய 6 மணி என்று எடுத்தால் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ பிழை. எல்லாக் கோப்பையும் முதல் நாளே கிறீன்விச் நேரத்துக்கு மாற்றிவிட்டு, கோப்பின் பெயரிலேயே அதை எழுதிவையுங்கள்.

முதல் ஓட்டங்கள்

வற்றுப்பெருக்கு இல்லை, காற்று இல்லை, ஆறு இல்லை. ஒரு நாள் ஓட்டுங்கள். தண்ணீர் அசையாமல் கிடக்கவேண்டும். அசைந்தால் ஆழக் கோப்பிலோ தொடக்க மட்டத்திலோ பிழை. சலிப்பான சோதனைதான், ஆனால் இதைத் தவிர்த்தவர் பிறகு எந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது.

அடுத்தது எம்2 மட்டும், 5 நாள். முதல் ஒரு நாளில் வீச்சத்தைப் பூச்சியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். முதல் இரண்டு நாளை எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கொட்டியாரக் குடா முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். தொடுவாய் வேகம் மேசையில் ஒட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் வரும். தொடுவாயால் போன மொத்தத் தண்ணீரையும் குடாவின் மட்ட உயர்வைப் பரப்பால் பெருக்கியதையும் ஒப்பிடுங்கள், இரண்டும் நூற்றுக்கு ஒன்றுக்குள் ஒத்துப்போகவேண்டும்.

இங்கே ஒரு சின்னத் தெரிவைக் கிட்டப் பார்க்கவேண்டும். ஒரு கண் காய்ந்துவிட்டது என்று மென்பொருள் முடிவுசெய்யும் ஆழ எல்லை டெல்ஃப்ட் 3டியில் விட்டபடி விட்டால் 0.1 மீற்றர். பெரிய வற்றுப்பெருக்கு உள்ள நாடுகளுக்கு அது சரி. எங்கள் அட்டமி நாட்களில் மொத்த அசைவே 0.2. மேட்டில் இருக்கும் கண்கள் அரைவாசி நேரம் காய்ந்தே கிடக்கும், குடாவின் பரப்பு சுருங்கும், தொடுவாய் வேகமும் குறையும். அதை 0.02 அல்லது 0.03க்கு இறக்குங்கள். காலப் படியைச் சற்றுக் குறைக்க வேண்டிவரலாம், பரவாயில்லை.

பிறகு எட்டுக் கூறுகளுடன் 34 நாள். வெளியீட்டை 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுங்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்தால் திசை மாறும் கணம் நழுவிவிடும். உராய்வுக்கு மணல் வாய்க்காலில் மானிங் 0.022 முதல் 0.028, சேற்றுக் குடாவில் 0.018 முதல் 0.02, கண்டல் காட்டுக்குள் 0.1க்கு மேல். ஓட்டம் பக்கவாட்டில் கலந்து மழுங்குவதைக் குறிக்கும் கிடைப் பிசுக்குமையைத் தொடுவாயில் செக்கனுக்கு 0.5 முதல் 1 சதுர மீற்றருக்குள் வையுங்கள். ஓட்டம் வெடிக்கிறது என்பதற்காக அதை 20, 50 என்று ஏற்றினால் ஓட்டம் அடங்கும், சுழலும் வேகமும் சேர்ந்தே அடங்கும்.

காற்றை எப்போது சேர்ப்பது? கச்சான் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில், 2 மீற்றர் ஆழமான குடாவில் 8 கிலோமீற்றர் தூரம் வீசினால் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் 6 சென்ரிமீற்றர் மட்ட வித்தியாசம் வரும். தொடுவாய்க்குத் தேவையான தள்ளுதலைப் போல மூன்று மடங்கு அது. ஆகவே நேர்த்தியான ஒப்பீட்டுக்குக் காற்று கட்டாயம். ஆனால் வற்றுப்பெருக்கு மட்டும் உள்ள ஓட்டம் சரியாக வந்த பிறகு.

அளந்து ஒப்பிடல்

நீர்மட்டத்துக்கு இரண்டு அமுக்கப் பதிகருவிகள்: ஒன்று தொடுவாய்க்கு வெளியே, ஒன்று குடாவுக்குள். 5 நிமிட இடைவெளி. எம்2வையும் எஸ்2வையும் பிரித்தறிய 14.8 நாள் வேண்டும், என்2வையும் பிரிக்க 27.6 நாள். ஆகவே 30 நாள் வையுங்கள். துறைமுகத்தில் உள்ள நிரந்தர நீர்மட்ட மானியின் நீண்ட பதிவு கிடைத்தால் மிச்சக் கூறுகளை அதிலிருந்து ஊகிக்கலாம். யூடைட் என்ற பைதன் நிரல்தொகுதி பகுப்பாய்வை முழுதாகச் செய்துதரும்.

மூன்றாவது பதிகருவி ஒன்றைக் கரையில் நிழலில் தொங்கவிடுங்கள். வெப்ப வலயத்தில் வளியமுக்கம் நாளுக்கு இரண்டு தடவை, காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சமாகும், ஏற்ற இறக்கம் 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீருக்குச் சமம். கழிக்காவிட்டால் அது 12 மணித்தியாலச் சுழற்சியோடு நேராக எஸ்2வுக்குள் போய் ஒளிந்துவிடும். எஸ்2வே சில சென்ரிமீற்றர்தான் என்பதால் அது பெரிய கறை.

இரண்டு பதிகருவிகளின் பூச்சியத்தையும் சென்ரிமீற்றருக்குள் சமப்படுத்துவது சாதாரண மட்டமானியால் பாலத்தைத் தாண்டிச் செய்ய இலேசான வேலையல்ல. முடியாவிட்டால் ஒவ்வொன்றிலும் அதன் சராசரியைக் கழித்து அசைவை மட்டும் ஒப்பிடுங்கள். மட்ட வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

வேகத்துக்கு ஏ.டி.சி.பி. (ஒலியால் ஓட்ட வேகத்தை அளக்கும் கருவி) வாடகைக்குக் கிடைத்தால் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளொன்றில் 13 மணித்தியாலம் தொடுவாயைக் குறுக்கே திரும்பத் திரும்பக் கடந்து அளவிடுங்கள். கிடைக்காவிட்டால் மிதவை. இரண்டு பலகையைக் குறுக்காகச் செருகிய சிலுவை, உயரம் 60 சென்ரிமீற்றர், நீருக்குக் கீழே தொங்கவேண்டும். மேலே சின்னக் கலன், அதற்குள் நீர் புகாத உறையில் ஜீ.பீ.எஸ். கலன் பெரிதானால் காற்று அதைத் தள்ளும், நீங்கள் அளப்பது கச்சானைத்தான். மேற்பரப்பு வேகத்தை 0.85 முதல் 0.9ஆல் பெருக்கினால் ஆழச் சராசரி வரும், மாதிரியுரு தருவது அந்தச் சராசரியை. பாலத் தூண்களுக்குப் பின்னால் 50 மீற்றருக்குள் மிதவை போடாதீர்கள், அங்கே அது சுழன்றுகொண்டே நிற்கும்.

ஒப்பிடும்போது மட்டம் 2 சென்ரிமீற்றருக்குள்ளும் திசை மாறும் நேரம் 10 நிமிடத்துக்குள்ளும் உச்ச வேகம் நூற்றுக்குப் பதினைந்துக்குள்ளும் வந்தால் முதல் மாதிரியுருவுக்கு நல்லது. பௌர்ணமி வாரத்தை வைத்துச் சரிப்படுத்தினால் அட்டமி வாரத்தைத் தொடாமல் வைத்திருந்து சரிபார்க்கப் பயன்படுத்துங்கள்.

ஒத்துவராதபோது எங்கே பார்ப்பது? வெளிப் பதிகருவியிலேயே நேரம் பிழைத்தால் எல்லையின் அவத்தை அல்லது கடிகாரம். மணித்தியாலத்தின் பாதி அல்லது முழுமையாகப் பிழைத்தால் நிச்சயம் கடிகாரம். வெளியே சரி, உள்ளே மட்டமும் சரி, வேகம் மட்டும் பிழை என்றால் தொடுவாயின் வெட்டுமுகம். உராய்வைத் தொடாமல் மறுபடி போட்டில் ஏறுங்கள். உள்ளே பிந்துவது குறைவு என்றால்தான் மானிங் எண்ணை 0.002 அளவில் ஏற்றிப் பாருங்கள். வேகம் இரு திசையிலும் ஒரே விகிதத்தில் குறைவாக வந்தால் குடாவின் பரப்பு குறைந்திருக்கிறது: காய்ந்த கண்கள், அல்லது செய்மதிப் படத்தில் கரை என்று வெட்டப்பட்ட கண்டல் சதுப்பு. உள்வரும் வேகமும் வெளிச்செல்லும் வேகமும் ஒன்றுக்கொன்று மாறுபட்டுப் பிழைத்தால் காற்றையோ கந்தளாய்ப் பக்கத்து வடிகாலையோ விட்டிருக்கிறீர்கள். நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாட்களை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கேட்டு அந்தத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.